சிரிப்பைப் பார்த்து உடம்பைச் சொன்ன எங்கள் விசிலக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் கிளப் தலைவர் அவர்களே, கைக்கடிகாரத்தைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமா அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் ரக்பி வீரர்களே, வீராங்கனைகளே! பெண்கள் இளையோர் அணியின் சார்பில் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். சுவரோரம் நிற்கும் அண்ணன்மார்களே, சுவரில் சாயாதீர்கள். அக்கா பார்த்தால் என்ன கேட்பார் என்று உங்களுக்கே தெரியும். "சுவரு உன்னத் தாங்குதா, நீ சுவரத் தாங்குறியா?"

பாருங்கள், அத்தனை பேரும் நிமிர்ந்துவிட்டீர்கள்! தான் இல்லாத கூட்டத்திலும் இத்தனை முதுகுகளை நிமிர்த்த வேறு யாரால் முடியும்?

உடற்தகுதிப் பயிற்சித் தலைவர். கீழே உடற்பயிற்சிக் கூடத்தின் கதவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நமக்கு அவர் விசிலக்கா. அவரைவிட வயதில் மூத்த செயலாளர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அக்காவே கேட்டுவிட்டார்: "சார், உங்களுக்கு நான் அக்காவா?" செயலாளர் சொன்னார்: "பயத்துல வயசு தெரியலம்மா."

செயலாளர் அவர்களே, நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன்.

ரக்பி என்றால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது என்று நினைக்கும் உறவினர் ஒருவர் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார். எங்கள் வீட்டில் சித்தப்பா. அவருக்கு அக்கா ஒருமுறை விளக்கினார். "ஒரு பீரோவ மாடிக்கு ஏத்துறீங்க. ஏத்துன கையோட பஸ்ஸப் பிடிக்க ஓடுறீங்க. ஏறின உடனே உள்ள இருந்து ஒருத்தர் உங்களப் பிடிச்சுக் கீழ தள்றார். எழுந்து தூசியத் தட்டுனா, அதே பீரோ திரும்பக் கீழ நிக்குது. எண்பது நிமிஷமும் இதுதான்." சித்தப்பா ரொம்ப நேரம் யோசித்தார். "நடுவுல டீ உண்டாம்மா?" என்று கேட்டார்.

அந்த எண்பது நிமிடத்துக்காக அக்கா எங்களை என்னவெல்லாம் செய்ய வைத்தார்! இரும்புச் சறுக்குப் பலகையில் எடைத் தட்டுகளை அடுக்கி இழுக்க வைத்தார். நாங்கள் அதை இழுத்தோம். அவர் இழுத்த இழுப்புக்கு நாங்கள் வந்தோம். முன்வரிசையில் முட்டித் தள்ளுபவர்களுக்குத் தலையில் பட்டை மாட்டிக் கழுத்துக்குத் தனிப் பயிற்சி. "கழுத்து பலமா இருந்தாத்தான் தலை பிழைக்கும். கூடவே தலைக்கனம் ஏறினாலும் தாங்கும்" என்பார். ஓரத்தில் பறப்பவர்களுக்குத் தொடையின் பின்தசை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. மார்பு தரையில் பட விழு, எழு, ஓடு, மறுபடி விழு. நாங்கள் நாக்குத் தள்ளிக் கிடக்கும்போது தலைக்கு மேல் அந்தக் குரல் கேட்கும். "புல்லு நல்லாருக்கா? மேயற நேரம் முடிஞ்சுது, எழுந்திரு!"

கொடுமைக்காரரா? ஓட வைப்பதில் ஆமாம். ஆனால் ஒருவரை ஓடாதே என்று நிறுத்தவும் அவரால் முடிந்தது. அதற்குத்தான் அந்த ஆரஞ்சு பனியன்.

இங்கே வந்திருக்கும் ஊர்க்காரர்கள் சிலருக்கு அது தெரிந்திருக்காது, சொல்கிறேன். பயிற்சிக்கு முன் அக்கா யாரிடமாவது அந்தக் கையில்லாத ஆரஞ்சு பனியனை நீட்டினால், அவர் அன்று மைதானத்தில் இறங்கக் கூடாது. மேல்முறையீடு கிடையாது. தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் என்பதால் நைசாக நுழையவும் முடியாது. அதை வாங்கிக்கொண்டவர் வெட்கத்தில் வெயிலைவிடச் சிவப்பார்.

அக்கா எதை வைத்து அதை நீட்டினார்? முதுகில் மாட்டும் கருவி எவ்வளவு ஓடினோம் என்று சொல்லும். குதித்துப் பார்க்கும் பலகை கால் எவ்வளவு களைத்திருக்கிறது என்று சொல்லும். மார்புப் பட்டை இதயத் துடிப்பைத் திரைக்கு அனுப்பும். அந்தப் பட்டையைப் பற்றி எனக்குத் தனியாகவே ஒரு வருத்தம் உண்டு. ஒருநாள் ஆண்கள் அணியின் பனிக்கட்டித் தொட்டியில் யாரோ சிவப்புச் சாயப்பொடியைக் கலந்துவிட்டார்கள். இறங்கியபோது வெள்ளைச் சட்டை விளம்பரம் மாதிரி இருந்தவர்கள், ஏறியபோது தக்காளிக் கூடை மாதிரி இருந்தார்கள். அக்கா எங்கள் அணியை வரிசையாக உட்கார வைத்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. திரையை மட்டும் பார்த்தார். "எல்லாரும் அமைதியா உக்காந்திருக்கீங்க. இதுல ஒரு இதயம் மட்டும் மலையேறிட்டு இருக்கு. எங்கம்மா போற, தனியா?" என்றார் என்னைப் பார்த்து.

தண்டனை என்ன தெரியுமா? "இவ்வளவு மூளைய வீணாக்காத. தினமும் காலையில எனக்கு ஒரு புது ஜோக் கொண்டு வா" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் போனால், ஆண்கள் உடைமாற்றும் அறையின் வாசலில் விசிலோடு நிற்கிறார். ஒவ்வொருவர் வெளியே வரும்போதும் என் ஜோக்கைச் சொல்கிறார். எவ்வளவு மோசமாகச் சொல்வார் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். முடிவை முதலில் சொல்லிவிட்டு, "இரு இரு, அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு" என்பார். நானே கேட்டேன். "ஏன்க்கா என் ஜோக்கக் கொலை பண்றீங்க?"

"நான் ஜோக் சொல்ல வரலடி. இவங்க எப்பச் சிரிக்கிறாங்கன்னு பாக்க வந்தேன்."

நல்லாத் தூங்கி எழுந்தவன் உடனே சிரிப்பான், அல்லது உடனே திட்டுவான். களைத்தவனுக்குச் சிரிப்பு நடந்து வரும் என்றார். "ஆனா பக்கத்துல இருக்கறவன் சிரிக்கிறதப் பாத்துட்டு அப்புறம் சிரிக்கிறான் பாரு, அவன மட்டும் மைதானத்துக்குள்ள விடாதே. காலு கையெல்லாம் பொய் சொல்லும், பல்லக் கடிச்சுக்கிட்டு நடிச்சிரும். சிரிப்புக்கு நடிக்க நேரம் கிடைக்காது."

எங்கள் முன்வரிசை அலமாரி அண்ணன் அதோ கடைசியில் நிற்கிறார், மறைந்து நிற்க முயல்கிறார், முடியவில்லை. ஒருநாள் காலை அவர் சிரிப்பு நடந்துகூட வரவில்லை. அக்கா பனியனை நீட்டினார். "ஜோக்கு நல்லால்லக்கா, அதுக்கு நான் என்ன பண்ண?" என்று கத்தினார். எனக்கு அவமானமாக இருந்தது. அன்று சாயங்காலமே காய்ச்சலில் சுருண்டு விழுந்தார். அந்த உடம்போடு முட்டித் தள்ள இறங்கியிருந்தால்? மறுவாரம் பயிற்சிக்குத் திரும்பினார். என்னிடம் வந்து, "அந்த ஜோக்க இன்னொரு தடவ சொல்லு" என்றார். விழுந்து விழுந்து சிரித்தார். உண்மையில் அது சுமாரான ஜோக்தான்.

அன்பார்ந்தவர்களே! எங்கள் எல்லோருடைய இதயத்தையும் திரையில் வைத்துக்கொண்டு, யாருக்கு ஏறுகிறது, யாருக்கு இறங்க நேரமாகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர். அவர் இதயத்துக்கு ஒரு பட்டை கட்டிப் பார்க்க எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே! தூக்கத்தில் போய்விட்டார் என்கிறார்கள். தூக்கத்தை அவ்வளவு சிபாரிசு செய்தவர். எனக்கு இதில் ஒரு ஜோக்கும் வரவில்லை. முயன்று பார்த்தேன்.

இப்போது, தலைவர் அவர்களே, நீங்கள் சற்றுமுன் பேசியதற்கு வருகிறேன். "சனிக்கிழமை இறுதிப் போட்டியில் நம் கேப்டன் தலைமையில் இறங்குவோம், கோப்பையை அக்காவின் காலடியில் வைப்போம்" என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்தக் கேப்டன் என் கூடப்பிறந்த அண்ணன். ஊரே தட்டும்போது வீட்டு ஆள் தட்டவில்லை என்றால் பொறாமை என்று நினைப்பீர்கள். வழக்கமாக அது சரிதான். இன்று அப்படி இல்லை.

போன வாரம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அக்காவின் கடைசி காலைப் பயிற்சி. நான் வாசலில் அவர் பக்கத்தில்தான் நின்றேன். என் அண்ணன் வெளியே வந்தான். அக்கா ஜோக்கைச் சொன்னார். அண்ணன், பக்கத்தில் வந்தவன் முகத்தைப் பார்த்தான், அப்புறம் சிரித்தான்.

அக்கா பனியனை நீட்டினார்.

"அக்கா, ஃபைனல் வருது!"

"நான் ஃபைனலப் பத்தி கேக்கல. நேத்துத் தலையில எது பட்டுச்சு?"

"ஒண்ணும் படல."

"சரி. அதயே டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லு. அவர் எழுதிக் குடுத்தா நானே உனக்கு பூட்ஸ் மாட்டி விடறேன்."

அண்ணன் பனியனைத் தூக்கிப் பெஞ்சில் எறிந்தான். அக்கா கோபப்படவில்லை. எடுத்து, மடித்து, அவன் பையின் மேல் வைத்தார். மறுநாள் காலை வாசலில் நான் ஜோக்கோடு நின்றேன். அக்கா வரவில்லை.

அண்ணன் டாக்டரிடம் போகவில்லை. பனியன் நீட்டியவர் இல்லை, அதனால் பனியனும் இல்லை என்று எல்லோரும் நடந்துகொள்கிறோம். பனியன் நீட்டியதற்கு முந்தின நாள் பயிற்சியில் அவன் தலையில் ஒரு முழங்கால் இடித்ததை அலமாரி அண்ணன் இப்போது என்னிடம் ஒத்துக்கொண்டார். வீட்டில் அவன் திரைச்சீலையை மூடிக்கொண்டு உட்காருகிறான். "வெளிச்சம் கண்ணக் குத்துது" என்கிறான். நேற்றுச் சாப்பிடும்போது என்னைக் கேட்டான்: "நீ எப்ப வந்தே?" நான் அவன் எதிரில்தான் முதலிலிருந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா துக்கம் என்று நினைக்கிறாள். துக்கமும்தான். ஆனால் துக்கத்துக்கு வெளிச்சம் குத்துமா?

செயலாளர் அவர்களே, இரண்டு நிமிடம் என்றீர்கள், தெரியும். ஒரே ஒரு சம்பவம், முடித்துவிடுகிறேன். தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும்.

தலைவர் ஒருமுறை நம்மோடு ஓட வந்தார். புது டிராக் சூட்டில் விலைச்சீட்டுகூடத் தொங்கிக்கொண்டிருந்தது. விசில் அடிப்பதற்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும், போகப்போக விசில் சீக்கிரம் சீக்கிரம் வரும். அந்தப் பயிற்சிதான். முதல் விசிலுக்குத் தலைவர் தொட்டார். அடுத்ததற்கும் தொட்டார். அதற்கடுத்து, கோட்டை விட்டுவிட்டு நேராக அக்காவை நோக்கி ஓடினார், அன்று அவர் ஓடியதிலேயே அதுதான் வேகம், விசிலைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க அறிவித்தார்: "இன்னைக்கு... எல்லாரும்... பாஸ்!"

சிரியுங்கள், சிரியுங்கள். தலைவரே சிரிக்கிறார். மாமாவும்! இரங்கல் கூட்டத்தில் சிரிக்கலாமா என்று யாரும் யோசிக்க வேண்டாம், அக்கா கணக்கெடுத்துக்கொண்டிருப்பார்.

அண்ணா.

நீயும் சிரிச்ச. நான் உன்னையேதான் பாத்துட்டிருந்தேன். முதல்ல இடது பக்கம் திரும்பினே, அப்புறம் வலது பக்கம், அப்புறம்தான் சிரிச்ச. என் ஜோக்குக்கு நீ சின்ன வயசுலேர்ந்து சிரிக்கவே மாட்டே, "அறுக்காதடி"ன்னு முதல் ஆளா சொல்லுவே. இன்னைக்கு அதச் சொல்லக்கூட உன்னால முடியல.

தலைவர் அவர்களே, இன்றைக்கு அந்த விசில் யார் பையில் இருக்கிறது? அடிக்க ஆள் இல்லை என்பதால் எல்லோரும் பாஸா? அக்காவின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர் கடைசியாகச் செய்த வேலையை மட்டும் அழித்துவிடுவதா அஞ்சலி? கோப்பை கேட்டா அவர் அந்த வாசலில் தினமும் நின்றார்?

உன் பையிலேர்ந்து இந்தப் பனியன எடுத்துட்டு வந்தேன், அண்ணா. அக்கா மடிச்ச மடிப்பு இன்னும் கலையல. நான் கொண்டு வந்து தரமாட்டேன். நீயே வந்து வாங்கிக்கோ.

மெதுவா வா. அங்க படி இருக்கு, பாத்து. அலமாரி அண்ணா, கொஞ்சம் பிடிங்க.

ம். திருப்பிப் போட்டுட்டே. பரவாயில்ல, இருக்கட்டும். நிறம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

தலைவர் எழுந்து நிற்கிறார். சரி என்று தலையை ஆட்டுகிறார். எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா? செயலாளர் அவர்களே, கூட்டக் குறிப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். மாமா, நீங்கள் கார் சாவியை எடுப்பதையும் பார்த்தேன். டாக்டர் வீடு வழி உங்களுக்குத் தெரியும். அவன் முன் சீட்டில் உட்காருவேன் என்று அடம்பிடிப்பான், விடாதீர்கள், வெளிச்சம் குத்தும்.

இவர்கள் போகட்டும். மீதி இருப்பவர்களுக்கு ஒன்று. அக்காவின் இடத்துக்கு நாளை யார் வந்தாலும், அவர் பனியனை நீட்டினால், அது யாராக இருந்தாலும், எந்தப் போட்டியாக இருந்தாலும் வாங்கி மாட்டிக்கொள்வோம் என்று இந்தக் கூடத்தில் சொல்லிவிட்டுப் போவோமா? சத்தமாக.

கேட்டது. சுவரோரத்திலிருந்தும் கேட்டது. சாயாமலே சொன்னீர்கள்.

புதியவர் வரும்வரை அந்த வாசலில் நான் நிற்கிறேன். நாளைக் காலை ஜோக் தயார். மோசமானதுதான், முடிவை முதலில் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். வெளியே வரும்போது யார் முகத்தையும் பார்க்காதீர்கள்.

சீக்கிரம் சிரியுங்கள்.