கிரஷர் எண்ணெய்

இரவு மணி இரண்டே கால். கல்குவாரிக்கு மேலே, வெடிமருந்து அறைக்குப் போகும் மண் ரோடு. வாயைத் திறந்தால் புகை வரும் குளிர்...

நம் லாரிக்காரரின் சகலைக்கு நேர்ந்தது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு வராது.

அங்கே துப்பாக்கிக்குப் பொறுப்பு சகலைதான். காவலுக்கு நின்றவர் அவருடைய தங்கச்சி புருஷன். துப்பாக்கிக்கென்று தண்ணீர் மாதிரி மெல்லிசாக ஓர் எண்ணெய் உண்டு. அது தீர்ந்து ஒரு வாரம். எழுதிக் கேட்கச் சோம்பல். குவாரியில் கதவு கிரீச்சிட்டாலும் சைக்கிள் செயின் முனகினாலும் கல்லுடைக்கும் கிரஷரின் கெட்டி எண்ணெய்தான். துப்பாக்கிக்கும் அதையே விட்டார். சாயங்காலம் காவலுக்குப் போகிற மாப்பிள்ளை துப்பாக்கியை வாங்கித் திறந்து மூடிப் பார்த்தார்.

“என்ன மச்சான், கோந்து போட்டு ஒட்டிட்டீங்களா?”

“பேசாம வாங்கிட்டுப் போங்க மாப்பிள்ளை.”

அன்றிரவு இரண்டே காலுக்குத்தான் வெடிமருந்து திருட வந்தார்கள். காலையில் மாப்பிள்ளை மண்டை பிளந்து கிடந்தார். துப்பாக்கி வெடிக்கவே இல்லை. பயந்து நின்றே செத்தான் என்று ஆபீசில் முடிவு கட்டினார்கள்.

துப்பாக்கியைத் திறந்தது சகலை ஒருவர்தான். உள்ளே தோட்டா. அதன் அடியில் லேசாக... ஒரு பள்ளம். மாப்பிள்ளை விசையை இழுத்திருக்கிறார். தோட்டாவின் அடியில் ஓங்கிக் குத்தி வெடிக்க வைக்க வேண்டிய ஊசி, குளிரில் இறுகிய எண்ணெய்க்குள் ஊர்ந்து போய்ச் சும்மா தொட்டிருக்கிறது. அவ்வளவுதான். வேலை போய்விடுமே என்று வேறு தோட்டாவை மாற்றி வைத்தார். பள்ளம் விழுந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து டப்பாவில் ஒளித்தார்.

தங்கச்சி அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். குழாயடியில் அவளுக்கு ‘பயந்தாங்கொள்ளி பெண்டாட்டி’ என்று பேர். ஒருநாள் கேட்டாள், “அண்ணே, அவரு இழுத்துத்தான் பார்த்திருப்பாரு... இல்ல?”

தெரியாது என்றுவிட்டார் சகலை.

அன்றிலிருந்துதான். இரண்டே காலுக்கு டப்பாவுக்குள் ஒரு சத்தம். டிக். கூடவே கிரஷர் எண்ணெய் வாடை. விடிந்து பார்த்தால் தோட்டாவில் இன்னொரு பள்ளம். மறுநாள் இன்னொன்று...

ஒரு மாதம் தாங்கினார். பிறகு தோட்டாவைத் தங்கச்சி கையில் வைத்து, எண்ணெய் விட்டதையும் தோட்டா மாற்றியதையும் சொல்லி அழுதார். விடிந்ததும் ஆபீசிலும் சொல்லிவிடுகிறேன் என்றார். அவள் திட்டவில்லை. கட்டைவிரலால் பள்ளங்களைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“இத்தனை தடவையாண்ணே இழுத்தாரு?”

உயிரோடு இருந்தபோது ஒரு தடவைதான் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

தோட்டாவை அவள் திருப்பித் தரவில்லை. அன்றிரவு சகலை விழித்தே கிடந்தார். இரண்டே கால். டிக்... சத்தம் பக்கத்து அறையில். தங்கச்சி தூங்கும் அறை.

பிறகு அவள் குரல், மெதுவாக.

“போதுங்க... விரல் வலிக்கும்.”