வெளுத்துப்போன வலது கால்

அதைத்தான் தம்பி நானும் கேக்கறேன், இந்த ப்ளாக் எழுதறவங்களை எல்லாம் யாரு நீதிபதியா உக்கார வெச்சது? இருங்க, அந்த ஸ்டூல் வேண்டாம், அது செருப்பு போட்டுப் பாக்கறவங்களுக்கு. நாற்காலில உக்காருங்க. கம்ப்யூட்டரை கல்லாமேலயே வெச்சுக்குங்க, இடைஞ்சல் ஒண்ணும் இல்ல. யாரு வரப்போறா? காலைல ஒரு அம்மா வந்தாங்க. வாசல்ல நின்னு ஷோகேஸை ஒரு போட்டோ புடிச்சாங்க, கூட வந்த தங்கச்சிகிட்ட, இந்தக் கடைதாண்டின்னு சொன்னாங்க, ரெண்டு பேரும் சிரிச்சாங்க, போயிட்டாங்க. என் கடை இப்ப வேடிக்கை பாக்கற இடமாப் போச்சு.

வலைப்பூன்னு வேற பேரு வெச்சிருக்காங்க. பூவாம் பூ! முன்னாடி எல்லாம் ஒருத்தனுக்கு செருப்பு கடிச்சா என்ன பண்ணுவான்? நேரா கடைக்கு வருவான், கத்துவான், நானும் கத்துவேன், கடைசில வாரை இழுத்துத் தெச்சுக் குடுப்பேன், ரெண்டு பேரும் டீ குடிப்போம். முடிஞ்சது கதை. இப்ப வீட்ல கால்மேல கால் போட்டு உக்காந்துகிட்டு தட்டறான். தட்டினா ஊரே படிக்குது. தோல் எது, ரெக்ஸின் எதுன்னு தெரியாதவன் எல்லாம் தீர்ப்பு எழுதறான். போன மாசம் ஒருத்தர், வருஷம் பூரா போட்டுத் தேச்ச ஷூவைக் கொண்டாந்து, இதை வெச்சுகிட்டு புதுசு குடுங்கன்னாரு. எதுக்கு சார்னா, நான் ப்ளாக் எழுதறவன், தெரியும்லங்கறாரு. போலீஸ்காரன் லத்தியைக் காட்டற மாதிரி போனைக் காட்டறாரு தம்பி. எழுதிக்குங்க, தப்பில்லாம எழுதுங்கன்னு அனுப்பி வெச்சேன்.

என்னைப் பத்தி வந்ததா? நீங்க படிச்சிருப்பீங்களே. இல்லையா? அட, ஊர்ல படிக்காத ஒரே ஆள் நீங்கதான் போல. சொல்றேன் கேளுங்க. கண்ணாடி போட்ட ஆள் ஒருத்தன் வந்தான். பொம்பளைங்க போடற தோல் செருப்பு, காப்பிக் கலர், ஷோகேஸ்ல இருக்கறதே வேணும்னான். பொண்டாட்டிக்காம். ஷோகேஸ்ல எப்பவும் ஒத்தைக் கால்தான் வெப்போம், அதோட ஜோடி டப்பாக்குள்ள இருக்கும். ரெண்டையும் சேத்துக் குடுத்தேன். மறுநாளே திரும்ப வந்து நிக்கறான். இடது கால் காப்பி, வலது கால் பால்காப்பி! ஷோகேஸ்ல வெயில் பட்டுப் பட்டு வெளுத்திருக்கு. கடைக்குள்ள டியூப்லைட் வெளிச்சத்துல எனக்குத் தெரியல.

சரி, தப்பு நம்மளுதுதான், நான் இல்லன்னா சொன்னேன்? ஆனா அன்னிக்குன்னு பாத்து கடைல கூட்டம். இவன் பாட்டுக்கு ஓரமா நின்னுகிட்டு, சார் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், சார் ஒரு நிமிஷம்னு இழுக்கறான். என்னய்யா சொல்லப்போற, வித்த சரக்கு வாபஸ் இல்லன்னு போர்டு தொங்குதே, படிக்கத் தெரியாதான்னு கேட்டேன். எல்லார் முன்னாடியும்தான். அதோட விட்டேனா? பொண்டாட்டிக்கு ஒரு செருப்பு பாத்து வாங்கத் துப்பில்ல, நீயெல்லாம் எப்படிய்யா குடும்பம் நடத்தறேன்னும் கேட்டேன். வாய் தம்பி, இந்த வாய். அவன் செருப்பை மறுபடி பைக்குள்ள போட்டான். பையை எடுத்துகிட்டுப் போயிட்டான்.

அந்த வாரமே ப்ளாக்ல வந்துடுச்சு. எழுதினது அவன் இல்ல, அவன் பொண்டாட்டி. பேர் கிடையாது, மூஞ்சி கிடையாது. அந்தச் செருப்பைப் போட்டுகிட்டு ரெண்டு காலையும் நீட்டி வெச்சு ஒரு போட்டோ. கீழ, இந்தக் கடைக்காரருக்கு செருப்பைத் தெரியும், மனுஷங்களைத் தெரியாதுன்னு ஒரு வரி. அவ்ளோதான், ஜனங்களுக்கு அல்வா கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. என் கடை வாசப்படி மிதிக்காதவன் எல்லாம் அதுக்குக் கீழ வந்து, ஆமா ஆமா எனக்கும் இப்படித்தான்னு எழுதறான். ஒருத்தன், என் கடைல வாங்கின பெல்ட் அறுந்துபோச்சுங்கறான். நான் பெல்ட்டே விக்கறதில்ல தம்பி! எதிர்க்கடைக்காரன் இருக்கானே, இங்க ரெண்டு காலும் ஒரே கலர்னு பேனர் கட்டியிருக்கான். வரும்போது பாத்தீங்கல்ல? ஒரு வாத்தியாரு, மூணு புள்ளைங்களுக்கும் என்கிட்டதான் ஷூ வாங்குவாரு, நேத்து எதிர்க்கடைப் பையை முதுகுக்குப் பின்னாடி மறைச்சுகிட்டு தரையைப் பாத்துகிட்டே போறாரு. ஒரு போட்டோ, ஒரு வரி. மானம் மரியாதையெல்லாம் அவ்ளோதானா? இப்படியே போனா ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

என்ன, அழிச்சிடலாமா? புகார் குடுத்தா தூக்கிடுவாங்களா? அதுவும் முடியலன்னா வேற வேற பேர்ல நீங்களே நல்லதா எழுதித் தருவீங்களா! நல்ல பொழப்பு தம்பி. எதிர்க்கடைக்காரனுக்கு எழுதிக் குடுக்கறதும் நீங்கதானா? சரி சரி, கோவிச்சுக்காதீங்க. டீ ஆறுது, குடிங்க.

அழிக்கறதெல்லாம் வேண்டாம். அந்தப் பக்கத்தை மட்டும் தொறங்க. அந்த வரிக்குக் கீழ இன்னும் இருக்கு பாருங்க, அதை எவனும் படிக்கறதில்ல. ஷோகேஸ்ல வெக்கற காலை வாராவாரம் எடுத்து டப்பாவுல போட்டுட்டு, டப்பாவுல இருக்கற காலை ஷோகேஸ்ல வெக்கணும், அப்பதான் ரெண்டும் ஒண்ணு போல வெளுக்கும், அதைச் செய்ய இப்ப அந்தக் கடைல ஆள் இல்லன்னு போட்டிருக்கா? செருப்பு வாங்க வர்றவளுக்கு இது எப்படி தம்பி தெரியும்? இந்தக் கடைல அந்த வேலையை ஒருத்திதான் பாத்துகிட்டிருந்தா. பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கிப் போட்டுட்டு ஷோகேஸுக்குள்ள தவழ்ந்து போவா. என் பொண்ணு.

ஆமா, பொண்ணு இருக்கா. நான் சொன்ன இடத்துல அவ கட்டிக்கல, அவ கல்யாணத்துக்கு நான் போகல. மாப்பிள்ளை மூஞ்சியைக்கூட நான் பாத்ததில்ல. பாத்ததில்லன்னு நெனச்சுகிட்டிருந்தேன். அந்தக் கண்ணாடிக்காரன்தான். வீட்டுக்கு வந்தா கதவைச் சாத்திடுவேன்னு கடைக்கு வந்திருக்கான், பாவம். நான் போர்டைக் காட்டியிருக்கேன்.

இப்ப போட்டோவைப் பெருசு பண்ணுங்க. கலரைப் பாக்காதீங்க, ஊரே கலரைத்தான் பாத்து சிரிக்குது. கணுக்காலைப் பாருங்க. வார் எப்படி அழுத்தி இறங்கியிருக்கு? வீங்கியிருக்கு தம்பி. அவளுக்கு எப்பவும் ஏழாம் நம்பர்தான். இது ஏழுக்குள்ள அடங்கற கால் இல்ல. இவ வயித்துல இருந்தப்ப அவங்கம்மாவுக்கும் இப்படியேதான் வீங்குச்சு. கடைலேர்ந்து எட்டாம் நம்பர்ல மெத்துன்னு ஒண்ணு எடுத்துட்டுப் போய் நான்தான் மாட்டி விட்டேன். அன்னிக்கு அவன் ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்னு நின்னது இதைச் சொல்லத்தான். அவங்கம்மா மட்டும் இப்ப உசுரோட இருந்திருந்தா, கடைல இருக்கற அத்தனை ஜோடியாலயும் என்னை அடிச்சிருப்பா.

இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல, கண்ல தூசி. எட்டாம் நம்பர்ல ஒரு ஜோடி எடுத்து வெச்சிருக்கேன். ரெண்டு காலையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயில்ல வெச்சுப் பாத்துட்டேன். நானே போய்க் குடுத்துடலாம்னா வீடு எங்கன்னு தெரியல. யாருகிட்ட போய்க் கேக்கறது? கீழ நாம எழுதினா அவ படிப்பால்ல? எழுதுங்க தம்பி. வேற எதுவும் வேண்டாம், விலாசம் மட்டும் கேட்டு எழுதுங்க.