திரும்பாத சாவி

பிக்கப் வண்டியின் பின்தட்டுக்குக் கெட்டியான மூடி போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள், ஷெரிஃப். உள்ளே வைத்த சாமானெல்லாம் பிரேக் போடப் போட நழுவி முன்பக்கம் போய்விடும். அப்புறம் ஒருவர் தவழ்ந்து போய்த்தான் இழுத்து வர வேண்டும். டெக்சஸில் வண்டி வைத்திருக்கிற எல்லாரும் தவழ்ந்திருக்கிறோம். நீங்களும்தான்.

என் அண்ணன் ராய்ஸ் மூடியின் சாவியை ஏரியில் தொலைத்துவிட்டு, பூட்டை மாற்றித் தரச் சொன்னான். இந்த ஊரில் பூட்டு வேலைக்கு நான் ஒருவன்தானே. ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை, அவன் வீட்டு வாசலில் நல்ல வெயிலில் உட்கார்ந்து செய்து கொடுத்தேன்.

அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. வேடிக்கைக்காரன், அவ்வளவுதான். என்னை லைல் என்று கூப்பிட்டதே இல்லை, 'பூட்டு' என்பான். என் மனைவி டார்லா என்னை விட்டுப் போன மறு ஞாயிறு, தேவாலய விருந்தில் எல்லார் வாயிலும் சுட்ட மாட்டிறைச்சி இருக்கும்போது, "டேய் பூட்டு, ஊருக்கெல்லாம் பூட்டு போடுறே, பொண்டாட்டிய மட்டும் தொறந்து விட்டுட்டியேடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புதுப் பூட்டின் சாவிகளை என் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணி வெர்னாவிடம் கொடுத்தது வேறு பூட்டின் சாவி, பார்க்க அதே மாதிரி இருக்கும். சொந்தத் தம்பி கொடுத்த சாவியை யார் போட்டுப் பார்க்கிறார்கள்? மூடியைத் தூக்கிப் பிடிக்கும் கம்பிகள் தளர்ந்துவிட்டதால், ராய்ஸ் ஒரு கட்டையை முட்டுக்கொடுப்பது வழக்கம். அந்தக் கட்டையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். விழுந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி பூட்டைத் திருப்பினேன். அவன் மீன்பிடிப் பெட்டியைக் கடைசிவரை உள்ளே தள்ளினேன். பின்னால் படகு மாட்டியிருந்ததால் பின்கதவு திறக்காது, மேலே ஏறித்தான் உள்ளே இறங்க வேண்டும். அவன் பெட்டியை எடுக்க உள்ளே தவழ்ந்ததும், மிச்சத்தை நம்மூர்க் காற்று பார்த்துக்கொண்டது.

அண்ணியின் போன் வந்தபோது நான் உணவகத்தில் இருந்தேன். பீச் பழம் வைத்துச் சுட்ட பை அப்போதுதான் மேசைக்கு வந்திருந்தது.

"லைல், உங்கண்ணன் உள்ள மாட்டிக்கிட்டாரு. நீ குடுத்த சாவி திரும்பவே மாட்டேங்குது. கடப்பாரைய எடுத்தா கத்துறாரு."

பின்னால் அவன் குரல் கேட்டது. "போன மாசம் அடிச்ச பெயிண்ட்டுடி. கைய வெச்சே, பாத்துக்க. அந்தப் பூட்டுப்பயல வரச் சொல்லு."

அவன் அப்படித்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

"ஒடைக்காதீங்க அண்ணி, சில்லு தெறிச்சு கண்ணுல பட்டுரும். இதோ வந்துட்டேன்" என்றேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். அது பக்கத்து மாவட்டத்திலிருந்து வர வேண்டும், அதற்குள் நானே வந்துவிடுவேன் என்றேன். போனை வைத்துவிட்டு, பரிமாறுகிறவளிடம் பீச் பை மேல் ஐஸ்கிரீம் வைக்கச் சொன்னேன்.

மறுபடி கூப்பிட்டாள், அழுதுகொண்டே. போனை மூடிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன்.

"லைல்," என்றான். "தம்பி. நெருப்பா இருக்குடா இங்க. மூச்சு முட்டுது. ஒன் காலப் புடிச்சுக் கேக்கறேன், வாடா."

சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல் என்றேன். சொன்னான். பிறகு என் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் இன்னொரு காபி வாங்கிக் குடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி கடப்பாரையால் மூடியின் ஒரு மூலையைப் பெயர்த்திருந்தாள். கையெல்லாம் ரத்தம். உள்ளே சத்தமில்லை. என் சாவி ஒரே திருப்பில் திறந்தது. வேலையில் நீங்கள் குறை சொல்ல முடியாது.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, ஷெரிஃப். ஒரு தடவையாவது மரியாதையாகக் கேட்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். கேட்டான், இல்லையென்று சொல்லவில்லை. மனசாரக் கேட்டானா என்பதில்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.