மடியில் ஒரு கூரை

இல்லம்மா, பஸ்ல மேல் தட்டுல வைக்க முடியாது. ஒரு குலுக்கல்ல கூரை தனியா வந்துரும். என் மடியிலயே இருக்கட்டும். உன் முழங்கையை மட்டும் கொஞ்சம் பாத்துக்க.

வீடு இல்ல இது. திராட்சை பறிக்கிறவங்க வெயிலுக்கு ஒதுங்க, கை கழுவ, உக்காந்து சாப்பிட ஒரு நிழல் கொட்டகை. வெறும் அட்டையும் பசையும்தான். என் மக மாரிபெல் செஞ்ச மாடல். அந்த நிழலக் கேட்டுச் சங்கம் வச்சுப் போராடி நான் பதினோரு தடவை ஜெயிலுக்குப் போனேன். அவ ஒரு செமஸ்டர்ல கட்டிட்டா.

ஓ, நான் போற யுனிவர்சிட்டிலதான் நீயும் படிக்கிறியா? ஆர்க்கிடெக்சரேவா? அப்ப உனக்கு விளக்க வேண்டாம். எங்க ஊரு காலேஜ்ல ரெண்டு வருஷம் கணக்கு, பிசிக்ஸ், டிராயிங்னு எல்லாம் முடிச்சா, நேரா உங்க யுனிவர்சிட்டில சேந்துக்கலாம். பகல்ல ஷெட்ல பழம் அடுக்குவா, சாயங்காலம் வகுப்பு. இடமும் கிடைச்சிருச்சு. கடைசி செமஸ்டர் மார்க் மட்டும் ஜூலை பதினஞ்சுக்குள்ள போய்ச் சேரணும்.

அந்த வருஷம்தான் எங்க காலேஜ்ல பகுதி நேர வாத்தியாருங்க வேலைநிறுத்தம். நடத்துனது யாரா? நான்தான். எட்டாங்கிளாஸ் தாண்டாதவன், படிச்சதெல்லாம் மடிச்ச சங்க நோட்டீஸ்ல. ஆனா டாக்டர் பட்டம் வாங்குனவங்க என் கராஜுக்கு வந்து, சொல்லிக் குடுங்கய்யான்னாங்க. அதுல ஒருத்தர் கார்லயே குடியிருந்தாரு. யாரும் மார்க் போடாதீங்க, உங்க கையில இருக்கிற ஒரே பூட்டு அதுதான்னேன். போடல. ஆகஸ்ட் மூணாந்தேதி நிர்வாகம் கையெழுத்துப் போட்டுச்சு. அவனுங்க மூஞ்சியப் பாத்திருக்கணும் நீ.

அவ இடமா? ஜூலையிலயே போயிருச்சு.

டிசைன் பழகுற ஸ்டூடியோ வகுப்பு வருஷத்துக்கு ஒரு தடவைதானே ஆரம்பிக்கும். ஒரு வருஷம்தானம்மா, மறுபடி அப்ளிகேஷன் போடுன்னேன். ரெண்டு வருஷமாச்சு, போடல. ஷெட்ல அவள சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க. என் மக, முதலாளி பக்கம் சூப்பர்வைசர். சிரிச்சுக்க, பரவாயில்ல.

கோவிச்சுக்கிட்டாளா? இல்லியே, அதான் தாங்கல. போராட்டம்னா யாராவது இழக்கத்தான் வேணும்ப்பா, நீங்கதானே சொன்னீங்கன்னா. என் நோட்டீஸையே எனக்குப் படிச்சுக் காட்டுறா.

இந்த மாடலக் காட்டி அவளுக்கு மறுபடி இடம் கேக்கத்தான் போறேன். என்னது, மாடல் வாங்க மாட்டாங்களா? போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டர்ல அவளேதான் அனுப்பணுமா? இருக்கட்டும். கையில வாங்கிப் பாத்துட்டு அவங்க சொல்லட்டும். அப்ளிகேஷனுக்குக் கடைசித் தேதி இன்னைக்குத்தான்.

அவளுக்குத் தெரியாது. ஷெட்டுக்குப் போயிருக்கா. அலமாரி மேல இருந்து நானா எடுத்துட்டு வந்துட்டேன்.

அவளக் கேக்காம செய்யறது எனக்குப் புதுசில்லம்மா. அந்த ஜூலை பதினாலு, பிசிக்ஸ் எடுத்த நோரீன் டீச்சர் கராஜுக்கு வந்தாங்க. மாரிபெல் ஏ வாங்கியிருக்கா, அவளோடத மட்டும் அனுப்பிடறேன், யாருக்கும் தெரியாதுன்னாங்க. வேண்டாம்னுட்டேன். என் மகளுக்கு மட்டும்னா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு காலேஜ் கேட்ல போராட நிப்பேன்னேன். அந்தம்மா போயிட்டாங்க.

மாரிபெல் சமையல் மேசையில இந்தக் கூரைக்குத்தான் பசை வச்சுக்கிட்டிருந்தா. புது இடத்துக்குக் கொண்டு போறதுக்கு. வந்தது யாருப்பான்னா. நோட்டீஸ் வாங்க வந்தாங்கன்னேன்.

இதானே உங்க யுனிவர்சிட்டி ஸ்டாப்பு? அந்தக் கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கம்மா.