புருவமும் எடுக்கணும்

ஆடாம உக்காருடா, கொப். கத்திரியால வெட்டுற வரைக்கும் நல்லாத்தானே இருந்தே, இப்ப என்ன இப்படி நடுங்குற? புது பிளேடுதான், பாரு. உன் கண்ணு முன்னாடியே காகிதத்தோட ரெண்டா ஒடிச்சு, பாதியைக் கத்தியில மாட்டுறேன். பத்தலுங் ஊர்ச் சந்தையில முடிவெட்டுக் கடை போட்ட நாள்லேர்ந்து ஒருத்தர் மேல பட்ட பிளேடை இன்னொருத்தர் மேல வச்சதில்ல. என் புள்ள சாங்குக்கே தனி பிளேடுதான்.

அந்தத் தையல் பக்கம் வரமாட்டேன், பயப்படாத. சுத்தி எடுத்துட்டு, அந்த இடத்தைக் கத்திரியால ஒட்ட வெட்டிடறேன். வலிக்குதா? இல்லன்னா ஏன்டா கண்ணு கலங்குது? சோப்பா? சரி, சோப்புன்னே வச்சுக்குவோம்.

அங்க பாக்காத. என் நாத்தனா அப்படித்தான் மொறைச்சுக்கிட்டு நிப்பா. காலையிலேர்ந்து ஒரே சண்டை. வண்டியக் கொண்டுபோய் மரத்துல விட்டு நம்ம புள்ளையக் கொன்னவனே அவனுக்காகக் காவி கட்டுறானா, கோயிலுக்குள்ள எப்படி விட்டேன்னு கேக்குறா. நான் சொன்னேன், சாங்குக்குக் கூடப்பொறந்தவன் கிடையாது, அப்பனும் எப்பவோ போய்ச் சேந்துட்டான். சாயங்காலம் தீ வைக்கறதுக்குள்ள யாராச்சும் ஒருத்தன் மொட்டை போட்டு பிக்குவாக் காவி கட்டி, அந்தப் புண்ணியத்தை அவனுக்குக் குடுக்கணுமில்ல? இந்தப் பையன் தானா வந்து கேட்டான், பொம்பளை உன்னால கட்ட முடியுமா காவின்னு அவளைக் கேட்டேன். விறுக்குனு அங்க போய் நின்னுக்கிட்டா.

எனக்காக, பெத்தவளுக்குப் புண்ணியம் சேரட்டும்னு, அவன் கட்டியிருக்கணும். அடுத்த மழைக்காலம் கண்டிப்பா பிக்குவாப் போறேம்மான்னு வருஷா வருஷம் சொல்லுவான். அப்புறம் நழுவிடுவான். மொட்டைகூடப் பரவால்லம்மா, புருவத்தையும்ல எடுக்கறாங்க, உரிச்ச முட்டை மாதிரி இருப்பேன், அந்த ரப்பர் தோட்டத்துப் பொண்ணு திரும்பிக்கூடப் பாக்கமாட்டாம்பான். கடைக் கண்ணாடி முன்னாடி நின்னு புருவத்தை விரலால மறைச்சு மறைச்சுப் பாப்பான். நான் கத்தியத் தூக்கிக்கிட்டு வெரட்டுவேன். நீயும் இருந்திருக்கியே ஒரு தடவை, ரொட்டியத் தின்னுக்கிட்டு, பிடிங்கம்மா பிடிங்கன்னு.

ம். கண்ணை மூடு. இப்ப புருவம். இங்க தோலு ரொம்ப மெலிசு, கத்தியப் படுக்க வச்சு இழுக்கணும். மூச்சை அடக்காத. அவ்வளவுதான், ஒண்ணு ஆச்சு.

அவனைக் குளிப்பாட்டினது நான்தான், தெரியுமா? நீ அப்ப ஆஸ்பத்திரியில கிடந்தே. தாடையில நாலு முடி இருந்துச்சு. அதையும் எடுத்துவிட்டேன். இனிமே ரத்தம் வராதுன்னு தெரியும், இருந்தும் பாத்துப் பாத்துத்தான் இழுத்தேன்.

அப்பதான் நெஞ்சைப் பாத்தேன். குறுக்கால ஹேண்டில் பார் அப்படியே பதிஞ்சு, கன்னிப்போய்க் கிடந்துச்சு. பின்னாடி உக்காந்தவன் நெஞ்சுல அது எப்படிடா பதியும்?

பேசாத. கத்தி கண்ணுகிட்ட இருக்கு.

நான்தான் ஓட்டினேன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டியாமே. குடிச்சுட்டு ஓட்டிச் செத்தான்னு ஊரு அவனைப் பேசக்கூடாது, அதானே? அவனைப் பெத்தவளையும் பேசக்கூடாது. எல்லாரும் உன்னை ஏசறதைக் கேட்டுக்கிட்டு நானும் சும்மாத்தான் இருந்தேன். பொய்னு தெரிஞ்சும், கேக்கறதுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சுடா.

ஆனா காவி கட்டினப்புறம் பொய் சொல்லக்கூடாது. என் நாத்தனா நேரா வந்து கேட்டா நீ என்ன பண்ணுவே? அதனால நீ உள்ள போறதுக்கு முன்னாடி நானே அவகிட்டச் சொல்லிடறேன். நாளைக்கு எலும்பு பொறுக்கினதும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போறேன். தலையாட்டாதன்னு சொன்னேன்ல? நான் முடிவு பண்ணியாச்சு.

ஆச்சு, ரெண்டும் எடுத்தாச்சு. கண்ணைத் திற.

துண்டு எங்க? இல்ல, அதை இங்க குடு. காவி கட்டிட்டா பொம்பளை நான் உன்னைத் தொடக்கூடாது. சாயங்காலம் தீ வைக்கும்போது பக்கத்துலயே நிப்பே, உன்னைப் பிடிச்சுக்கிட்டு அழக்கூட முடியாது. கொஞ்சம் குனிடா. நானே தொடச்சு விடறேன்.