கடைசிப் பெட்டியின் நிசப்தம்

இரவு இரண்டு மணி தாண்டியிருக்கும். மலையடிவாரச் சாலை. முன்னால் விளக்கில்லை, பின்னால் வண்டியில்லை. ரயில் ஓடிய காலத்தில் அங்கே ஆள் நடமாட்டம் இருந்தது. ரயில் சுரங்கத்தை மூடிய பிறகு நாய்கூட அந்தப் பக்கம் தலை காட்டுவதில்லை. அந்தச் சாலையில் ஒரு பழைய வேன் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது...

கதவைச் சாத்திவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நான் கட்டிய கதை அல்ல. என் நண்பனுடைய மாமனாரின் தம்பிக்கு நடந்தது. இதைச் சொல்லும்போது நண்பன் வாயில் வைத்த சிகரெட்டைப் பற்ற வைக்கவே மறந்துபோனான்.

வேனை ஓட்டிக்கொண்டு போனவர் அந்தத் தம்பிதான். சினிமாவில் ஒலிப்பதிவாளர். தொழிலில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். தியேட்டரில் கண்ணை மூடி உட்காருவார். திரையில் யாரும் பேசாத காட்சி வரும்போது அந்த அமைதியை மட்டும் கேட்டுவிட்டு, அரங்கில் பாதி காலி என்று சொல்லிவிடுவார். தயாரிப்பாளர்கள் அவர் பக்கத்தில் உட்காரவே பயப்படுவார்கள்.

அதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. காலி அறை சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஆள் நிறைந்த அறை சத்தத்தைக் குடித்துவிடும். உடம்பு குடிக்கும், துணி குடிக்கும், தலைமுடி குடிக்கும். அதனால் காலி அறையின் அமைதி வேறு, கூட்டத்தின் அமைதி வேறு. அவ்வளவுதான் சங்கதி.

சுரங்கத்தை மூட வைத்த விபத்துக்கு வருகிறேன். ராத்திரி ரயில் சுரங்கத்துக்குள் போனபோது தீப்பிடித்தது. முன் பெட்டிகளிலிருந்து இருமிக்கொண்டு ஓடி வந்து பிழைத்தவர்கள் உண்டு. கடைசிப் பெட்டியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. நாடே அழுதது. கொடிகள் அரைக்கம்பத்துக்கு இறங்கின. அழுது முடித்த கையோடு சண்டை ஆரம்பித்தது.

கடைசிப் பெட்டியின் கதவு பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா? டிக்கெட் இல்லாதவர்கள் ஏறிவிடக் கூடாதென்று வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள் என்றது ஒரு கட்சி. பூட்டவே இல்லை, பயத்தில் முண்டியடித்து அவர்களாகவே மாட்டிக்கொண்டார்கள் என்றது இன்னொரு கட்சி. விசாரணைக் கமிஷனும் அதையே சொல்லி, கோப்பை மூடியது. வாய்களை யார் மூடுவது? கதவு திறந்துதான் இருந்தது என்று சலூன்காரர் சொல்லப்போக, பாதிச் சவரத்தில் எழுந்து, ஒரு கன்னத்து நுரையோடு தெருவில் இறங்கிப் போனவர் உண்டு. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால்கூட, "நீங்க பூட்டியா, திறந்தா?" என்று விசாரித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்கள்.

பாம்புச்செவி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கடைசிப் பெட்டியில் போனது அவருடைய அக்கா.

அக்கா மகள் அவர் வீட்டில்தான் வளர்ந்தாள். அவளுடைய அப்பா கோர்ட்டு, ஊர்வலம், உண்ணாவிரதம் என்று அலைந்து பாதி ஆளாகிப் போனார். சின்ன வயதில் அந்தப் பிள்ளை ஒரு ராத்திரி மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்டது. அவருக்கு வாயில் வந்தது இதுதான்.

"தூக்கத்துலயே போய்ட்டாடா. புகை மெதுவாத்தான் வரும். வலியே தெரியாது."

அந்த ஒரு பொய்யைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் பிள்ளை இத்தனை வருஷம் தூங்கியது.

இப்போது சுரங்க வாசலில் நினைவு மண்டபம் எழும்பியிருந்தது. மறுநாள் மாலை திறப்பு விழா. திரையை விலக்கப்போவது இறந்தவர்களின் பிள்ளைகளில் ஒருத்தி. யார் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்... ஆமாம், அவளேதான்.

விழாவில் ஒரு குரலை ஒலிக்கவிடப் போகிறார்கள். கடைசிப் பெட்டியில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதில் பயணம் செய்த மருந்துக் கடைக்காரர் ஒருவர் தன் வீட்டுக்கு போன் செய்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. பேசியது வீட்டு போனின் பதிவுக் கருவியில் பதிவாகிவிட்டது. புகை வருகிறது, பயப்படாதீர்கள், பிள்ளைகளை எழுப்பாதீர்கள் என்று நிதானமாகச் சொல்கிறார். அவர் குரலுக்குப் பின்னால்... டங்... டங்... டங்... இரும்பில் கை அடிக்கும் சத்தம். போகப் போக இடைவெளி கூடும். பிறகு நின்றுவிடும்.

மூடிய அறையில் நீதிபதியும் வழக்குப் போட்ட சிலரும் கேட்டதோடு சரி, பொதுவில் அது ஒலித்ததே இல்லை. மண்டபக் குழுவின் செயலாளர் பாம்புச்செவியிடம் தேன் ஒழுகப் பேசினார். சூட்டில் இரும்பு விரியும் சத்தமாகக்கூட இருக்கலாமாம். எதற்கு வீண் ரகளை, குரலை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இருப்பதைத் துடைத்துவிடுங்கள் என்றார். அவர் சொல்லாவிட்டாலும் பாம்புச்செவி அதைத்தான் செய்திருப்பார். முதல் வரிசையில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். அந்த டங் அவள் காதில் விழுந்தால், அம்மா தூங்கவில்லை என்று தெரிந்துவிடும்.

அன்று சாயங்காலம் அவளுடைய அப்பா ஸ்டுடியோவுக்கு வந்தார். உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தத் தட்டுற கை என் பொண்டாட்டி கையா இருக்கலாம் மச்சான்."

"பிள்ளை கேப்பா அத்தான்."

"கேக்கட்டும். எங்கம்மா கடைசி வரைக்கும் போராடுனான்னு தெரிஞ்சுக்கட்டும். தூங்கிட்டான்னு சொல்லிச் சொல்லி, நீ அவளை ரெண்டாந்தடவை கொல்ற."

அத்தான் போன பிறகு பாம்புச்செவி ஒவ்வொரு டங்காக வெட்டினார். வெட்டிய இடமெல்லாம் ஓட்டை. ஓட்டையை அப்படியே விட்டால் காது சட்டென்று கண்டுபிடித்துவிடும். அதில் அமைதியை நிரப்ப வேண்டும். எந்த அமைதியும் ஒட்டாது, சம்பவம் நடந்த அதே இடத்தின் அமைதிதான் ஒட்டும். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்க வைத்து, வெறும் அறையைப் பதிவு செய்வார்களே... ரூம் டோன் என்பார்கள். அதற்காகத்தான் அந்த நேரத்தில் சுரங்கத்துக்குப் போனார். பகல் முழுக்க மண்டபத்தில் தச்சு வேலை, சுத்தியல் சத்தம். ராத்திரிதான் தோது.

காவலாளி டார்ச்சைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். "உள்ள நான் வர்றதில்ல சார். எனக்குச் சர்க்கரை" என்றார். சர்க்கரைக்கும் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பாம்புச்செவி கேட்கவில்லை.

எரிந்த கடைசிப் பெட்டி, சாட்சிக்கென்று விட்டுவைத்தபடியே, சுரங்க இருட்டில் கிடந்தது. உள்ளே இருக்கைகளின் கம்பிச் சட்டங்கள் மட்டும் மிச்சம். ஈரக் கரியின் வாடை. காற்று மைக்கில் அடிக்காமலிருக்கக் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினார். அவருடைய வழக்கப்படி பதிவின் ஆரம்பத்தில் ஒரு தரம் கை தட்டினார். டப்... சத்தம் பெட்டியின் கோடிவரை ஓடி, கணீரென்று திரும்பி வந்தது. அசையாமல் நின்றார். போதுமான அளவு பதிவானதும், முடித்ததற்கு அடையாளமாக மறுபடி ஒரு கைதட்டல். கதவைத் தள்ளினார், திறந்தது. வேனுக்கு வந்தார்.

வேனிலேயே ஹெட்போனை மாட்டிக் கேட்டார்.

முதல் கைதட்டல்... கணீர். அதன் பின் அமைதி. கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. அந்த அமைதி கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. கண்ணாடி ஜன்னல்மேல் யாரோ கம்பளியை ஒவ்வொன்றாகப் போட்டு மூடுவதுபோல. கடைசிக் கைதட்டல் வந்தது.

டொப்.

தலையணையில் அடித்த மாதிரி. எதிரொலி துளியும் இல்லை.

இரண்டு கைதட்டலுக்கு நடுவில்... பெட்டி நிறைந்துவிட்டது.

மைக்கில் ஈரம் இறங்கிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு மைக் எடுத்தார். விடிந்தால் விழா, வேறு வழியுமில்லை. காவலாளியிடம் உள்ளே யாராவது போனார்களா என்று கேட்டார். காவலாளி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மறுபடி பெட்டிக்குள் ஏறினார். கதவைச் சாத்தினார். கை தட்டினார்.

டொப்.

இந்தத் தடவை கருவி வேண்டியிருக்கவில்லை. வெறும் காதிலேயே கேட்டது. டார்ச்சைச் சுழற்றினார். கம்பிச் சட்டங்கள். கருகிய கூரை. யாருமில்லை. ஆனால் கரி வாடை போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வேறு வாடை... பவுடர், வியர்வை, பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட், ஈரத் துண்டு. ராத்திரி ரயிலில் எல்லாரும் படுக்கப் போகும் நேரத்து வாடை. முழங்காலுக்குக் கீழே வெதுவெதுப்பு, தரையிலும் ஆட்கள் உட்கார்ந்திருப்பதுபோல. அவர் தன்னை அறியாமல் காலை ஒடுக்கிக்கொண்டார்.

ஊரெல்லாம் அடித்துக்கொள்கிற அந்தக் கேள்வியை அவர் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டுவிட்டார்.

"அக்கா... கதவு பூட்டியிருந்துச்சா?"

அந்தக் கேள்விக்குப் பெட்டி மொத்தமும் சட்டென்று மூச்சை நிறுத்தியது. அதுவரை அங்கே மூச்சு ஓடிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பாய்ந்துபோய்க் கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்தார். அசையவில்லை. முஷ்டியால் அடித்தார். டங்... டங்... டங்... அடிக்க அடிக்கக் கை மரத்தது, வேகம் குறைந்தது, இடைவெளி கூடியது. அந்த இடைவெளியை அவருக்கு அணு அணுவாகத் தெரியும். சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவர் வெட்டியது அதைத்தான்.

அவர் கை நின்றது.

கதவு வெளியிலிருந்து திறந்தது. காவலாளி நின்றார்.

"யார்யா பூட்டுனது?" என்றார் பாம்புச்செவி.

"இதுல பூட்டே இல்ல சார். கமிஷன்காரங்க அப்பவே கழட்டிட்டுப் போய்ட்டாங்க. நான் சும்மா விரலால தொட்டேன், திறந்துச்சு."

பூட்டாத கதவு. திறக்காத கதவு. இரண்டையும் அவர் கையால் தொட்டுப் பார்த்துவிட்டார். எந்தக் கட்சியில் போய் எதைச் சொல்வார்?

ஸ்டுடியோவில் பொழுது விடிந்தது. வலது கை வீங்கி, விரல் மடங்கவில்லை. வெட்டி வைத்த சத்தங்கள் ஒரு பக்கம், ஓட்டைகள் ஒரு பக்கம். திரும்ப ஒட்டிவிடலாமா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டிலிருந்து பிள்ளை போன் செய்தாள். நீல உடையா, வெள்ளை உடையா, எது போடட்டும் என்று கேட்டாள். வெள்ளை என்றார். போனை வைத்தார். இடது கையாலேயே, பெட்டியில் பதிவான அந்த அமைதியை எடுத்து ஓட்டைகளை அடைத்தார். அவரிடம் இருந்தது அந்த அமைதி மட்டும்தான்.

மாலை. மண்டபம். கதவுகளைச் சாத்தினார்கள். பிள்ளை திரையை விலக்கிவிட்டு வந்து, முன் வரிசையில் மாமாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் நாற்காலி. அப்பா அதில் உட்காராமல் பின்னால் தன் கூட்டத்தோடு நின்றிருந்தார்.

குரல் ஒலித்தது. பயப்படாதீர்கள்... பிள்ளைகளை எழுப்பாதீர்கள்... அதன் பின்னால் ஒன்றுமில்லை. சுத்தமான வேலை. செயலாளர் தலையாட்டினார். பாம்புச்செவி ஓரக்கண்ணால் பிள்ளையைப் பார்த்தார். அவள் முகத்தில் சலனமில்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்.

குரல் முடிந்ததும் பின்னாலிருந்து அத்தான் கத்தினார். "எங்கடா அந்தச் சத்தம்? எங்க ஆளுங்க கையைக் காணோமே?"

சத்தமே இல்லை, இப்போது நீயே கேட்டாயே என்றது எதிர்க் கட்சி. நாற்காலிகள் உருண்டன. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். பூட்டினீர்கள், பூட்டவில்லை, கொன்றீர்கள், பொய் சொல்கிறீர்கள்... மண்டபம் அதிர்ந்திருக்க வேண்டும்.

அதிரவில்லை.

பாம்புச்செவி நிமிர்ந்தார். கூச்சல் மங்கிக்கொண்டே வந்தது. கத்துபவர்களின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. குரல் மட்டும் பஞ்சுக்குள் போனது. ஆட்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தால்தான் ஓர் இடம் இப்படி மந்தமாகும். அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தியபடியே இருந்தது. பவுடர் வாடை வந்தது.

"மாமா... கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பிள்ளை சொன்னாள். பயம் இல்லாத குரல். அவர் தள்ளினார். அவளும் அவரை ஒட்டி நகர்ந்து, அந்தப் பக்கம் இடம் விட்டாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். காலி நாற்காலியின் மேல் குனிந்து, எதையோ இரண்டு உள்ளங்கையிலும் பூப்போல ஏந்தினாள்... அடிபட்ட கைக்கு ஊதுவார்களே, அப்படி மெல்ல ஊத ஆரம்பித்தாள்.