படகோட்டி குடித்திருந்தார்

எங்கள் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவசம் என்றாலே அதில் ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் நம் வட்டாரத்தில் அதிகம். மாதம் ஒரு முறை நூலகத்தின் மாடியில் உள்ளூர் வரலாற்றுப் பேச்சு. மழை விட்ட மாதங்களில் ஒரு நடையும் உண்டு. பழைய அணைக்கட்டு, மூடிப்போன செங்கல் சூளை, ஆற்றங்கரை என்று எங்காவது போவோம். யார் வேண்டுமானாலும் வரலாம். செருப்பு மட்டும் உறுதியாக இருக்க வேண்டும் என்று நோட்டீஸில் போடுவேன். வருகிறவர்களின் பாதுகாப்பில் நான் எப்போதுமே கவனமாக இருந்திருக்கிறேன்.

தபால் நிலையத்தில் கவுண்டர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என் சர்வீஸ் முழுவதையும் கழித்தேன். அந்தப் பக்கம் நின்றவர்கள் என் கையைப் பார்த்தார்கள், தராசைப் பார்த்தார்கள். முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாமல் போவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வேலை அப்படி. ஓய்வுக்குப் பிறகு இந்தப் பேச்சுகளை ஆரம்பித்தபோது என் மனைவி சிரித்தாள். "வீட்டுல கொட்டாவி விடத்தான் வாயைத் திறப்பீங்க. ஊருக்குக் கதை சொல்லப் போறீங்களாக்கும்" என்றாள். நியாயமான கேலிதான்.

படகு கவிழ்ந்த விபத்தைப் பற்றி முதன்முதலில் பேசியபோது எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொன்னேன். பாலம் வருவதற்கு முந்தைய காலம். ஆற்றில் வெள்ளம். அக்கரைக்குப் போன படகு நடுவில் கவிழ்ந்தது. பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் போனார்கள். படகோட்டியும் போனார். சொல்லி முடித்தபோது முன்வரிசையில் ஒருவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார். மின்விசிறி மட்டும் கடகடத்தது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், எழுந்து போகிற அவசரத்தில், "சரி சார், தப்பு யார் மேல?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அவர் போய்விடுவார்.

"படகோட்டி அன்னைக்குக் குடிச்சிருந்தார்" என்றேன்.

அப்போது அந்த மாடியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரியவர் மறுபடி உட்கார்ந்தார். போன் வைத்திருந்தவர் அதைச் சட்டைப்பையில் போட்டார். எல்லாருடைய கண்ணும் என் முகத்தில் இருந்தது. அடுத்த முறை படகோட்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு பாட்டிலை வைத்தேன். அதற்கடுத்த முறை, தண்ணீர் உள்ளே ஏறும்போதும் அவர் பாடிக்கொண்டிருந்தார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். இறந்து போன ஒருவருக்கு இதனால் என்ன நஷ்டம் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அந்தக் கேள்விக்கு யாரும் எனக்குச் சரியான பதில் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு மகன் இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்தது என் ஸ்கூட்டர் பஞ்சரான அன்று.

பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் கடை. கடைக்காரருக்கு ஊரில் பஞ்சர்க்காரர் என்றுதான் பெயர். ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் விரலை வைத்து, அரத்தால் தேய்த்து ஒட்டுப் போட்டார். எல்லாம் முடித்து, கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே பேசினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் படகோட்டி எங்கப்பா. அவரு ஒரு சொட்டுக் குடிச்சதில்லை. மருந்து வாடை வந்தாலே குமட்டும்னு எங்கம்மா சொல்லிச் சிரிப்பாங்க. அன்னைக்கு நான் கரையில நின்னேன். ஏழு வயசு எனக்கு. 'இதுக்கு மேல ஏத்தாதீங்க, தண்ணி சரியில்ல'ன்னு அப்பா கையெடுத்துக் கும்பிட்டாரு. படகுத்துறைக் குத்தகைக்காரர்தான் ஏத்தி அனுப்புனாரு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் சார்."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவும் செய்தேன். ஏழு வயதுக் குழந்தையின் நினைவை வரலாற்றுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதுவும் மகன். அப்பாவைப் பற்றி மகன் வேறு எப்படிச் சொல்வான்? ஆகவே மாற்றவில்லை.

இரண்டாவது முறை அவர் என் வீட்டுக்கே வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, கால் அழுக்காக இருக்கிறது என்றார். அவருடைய மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் முறிந்துவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஆற்றங்கரை நடைக்கு வந்து, படகோட்டியின் கதையைக் கேட்டு, அவர் யாருடைய அப்பா என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போயிருக்கிறார்கள். "குடிகாரக் குடும்பத்துல பொண்ணு எடுக்க மாட்டோம்னுட்டாங்க சார். எம்பொண்ணு சாப்பிட மாட்டேங்குது. ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொல்லுங்க. உங்க வாயால வந்தது, உங்க வாயாலதான் போகணும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் போன பிறகு என் மனைவி கேட்டாள், "அவர் சொல்றது நிஜமாங்க?" ஆராய்ச்சியில் இருக்கிறது என்றேன். அவள் அதற்குப் பிறகு என் பேச்சைக் கேட்க மாடிக்கு வரவில்லை.

மூன்றாவது முறை அவர் கூட்டத்துக்கே வந்துவிட்டார். கடையைச் சாத்திவிட்டு, தலையை வாரி, வெளுத்த சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கதையில் பாட்டில் வரும் இடத்துக்கு நான் வந்தபோது எழுந்தார். "சார், அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கரையில் தான் நின்றதைச் சொன்னார். அப்பா கும்பிட்ட கையைச் சொன்னார். படகு கண்ணுக்கு மறைந்த பிறகும், அது திரும்பி வரும் என்று இருட்டும்வரை கரையைவிட்டு நகராமல் இருந்ததைச் சொன்னார். அவ்வளவுதான். கையை ஆட்டவில்லை, குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, பேசத் தெரியாதவர்.

பெண்கள் அழுதார்கள். பெரியவர் மூக்கைச் சிந்தினார். என் பேச்சுக்கு அவர்கள் வாய் பிளந்திருக்கிறார்கள், உச்சுக் கொட்டியிருக்கிறார்கள், அழுததில்லை. சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு அம்மாள் என்னிடம் சொன்னார்: "அடுத்த நடையில ஆத்தங்கரையில வெச்சு இவரையே பேசச் சொல்லுங்க சார். நீங்க கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கலாம்."

நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். பஞ்சர்க்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை அரம் மாதிரி சொரசொரப்பாக இருந்தது.

பழைய இறங்குதுறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல் படிக்கட்டு, அதன் முடிவில் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்த மரமேடை. நகராட்சி மேற்பார்வையாளர் அந்த மேடைக்குக் குறுக்கே கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை தொங்கவிட்டிருந்தார். ஆட்களைக் கூட்டிப் போகிறவன் என்பதால் என்னிடம் நேரிலும் சொன்னார்: "சார், உங்க ஆளுங்களை மேல ஏத்திடாதீங்க. பார்க்கப் பலகை நல்லாத்தான் இருக்கும். அடியில தூண் இல்லை. அரிச்சுப் போச்சு." நன்றி சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

நடை அன்று காலையில் எல்லாருக்கும் முன்னதாகப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுக்கமாக இருந்தது, கொஞ்சம் நேரம் பிடித்தது. பலகையை ஆற்றில் விட்டேன். கயிறு இப்போது என் வீட்டுப் பின்புறம் துணி காயப்போடும் கொடியாக இருக்கிறது. நல்ல நைலான், வெயிலுக்கு இற்றுப் போகவில்லை. நீங்கள் போய் எடுத்துக்கொள்ளலாம். என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. துணி எதையும் கீழே போட்டுவிடாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

கூட்டம் வந்ததும் எல்லாரையும் கல் படியில் நிறுத்தினேன். ஒருவரும் கீழே இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். மழை நின்று சில நாட்கள்தான் ஆகியிருந்தன, ஆறு பழுப்பாகச் சுழித்து ஓடியது. அவரை மட்டும் முன்னால் அனுப்பினேன். "மேடையில போய் நில்லுங்க. எல்லாருக்கும் முகம் தெரியணும் இல்லையா?"

"என்ன சார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி மேடை ஏத்திவிட்டுட்டீங்க" என்று சிரித்தார். போய் நின்றார். எங்களைப் பார்த்துத் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்கப்பா" என்றார்.

அதற்கு மேல் அவர் பேசவில்லை.

நம்ப மாட்டீர்கள், மேடை சரிந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு வாலிபர் குதிக்கப் போனார். அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தியவன் நான். ஒரு உயிர் போனது போதும் என்றேன். இன்றைக்கும் அந்த வாலிபரின் அம்மா என்னைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறார். அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்றால் அதற்கு நான் காரணம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தீயணைப்புக்காரர்கள் வருவதற்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் நின்ற அம்மாளிடம் மெதுவாகச் சொன்னேன், "காலையிலேயே அவர்கிட்ட கொஞ்சம் வாடை அடிச்சுது. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்." ஒருவரிடம்தான் சொன்னேன். அந்தி சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. அப்பன் குடித்துத் தண்ணீரில் போனான், மகனும் அப்படியே போனான். கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தது. சில நாள் கழித்து எங்கோ கீழே உடல் ஒதுங்கியபோது வாடை பார்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. கயிறு கட்டியதாகவும் என்னை எச்சரித்ததாகவும் மேற்பார்வையாளர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கயிறு எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றேன் நான். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

பஞ்சர்க்காரரின் மனைவி ஒரு தடவை என்னைத் தேடி வந்தாள். மகளும் கூட வந்திருந்தாள், வாசலிலேயே நின்றாள். "அண்ணே, நீங்கதானே அவர் பக்கத்துல இருந்தீங்க. அன்னைக்கு அவர் குடிச்சிருந்தாரா? இல்லைன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. வேற ஒண்ணும் வேண்டாம்."

"விடும்மா. போனவரைப் பத்தி இனிமே பேசி என்ன ஆகப்போகுது" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். கடையை விற்றுவிட்டு அக்கா வீட்டோடு போய்விட்டதாகக் கேள்வி.

அதன் பிறகு வந்த வருடங்கள் எனக்கு நல்ல வருடங்கள். அப்பா, மகன் என்று இரண்டு பாகமாகப் பேசினேன். பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு வந்தார்கள். கடைசியில் மகன் "எங்கப்பா" என்று சொல்லி நிறுத்துகிற இடத்தில் நானும் நிறுத்துவேன். அழுதார்கள். என் பேச்சுக்கே அழுதார்கள்.

பிறகு எனக்கு முழங்கால் போயிற்று. புதிதாக வந்த நூலகர் அம்மாள் கூட்டங்களை எடுத்து நடத்தினார். கெட்டிக்காரப் பெண், குறை சொல்ல முடியாது. அந்தப் படகில் இருந்து தப்பிய ஒரு மூதாட்டியை எங்கோ தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறார். நேற்று மாலை அந்தப் பேச்சு. ஆட்டோ வைத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். படகோட்டி குடித்திருக்கவில்லை என்றார். ஆட்களை ஏற்ற வேண்டாம் என்று அவர் கெஞ்சியதை மூதாட்டி தன் காதால் கேட்டிருக்கிறார். மகன் இறந்தது கவனிப்பாரற்ற மேடையால் நேர்ந்த விபத்து என்றார். குடி என்பதெல்லாம் "யாரோ ஒருவர் கிளப்பிவிட்ட கதை" என்றார்.

யாரோ ஒருவர்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. என் வரிசையில் இருந்தவர்கள்கூட எழுந்தார்கள். வருடக்கணக்காக என் முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள், ஒருவராவது திரும்பி என்னைப் பார்க்கவில்லை. வெளியே போகும்போது ஒருவர் என் ஊன்றுகோலில் தடுக்கி, "மன்னிச்சுக்கோங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனச்சாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். பிழையான வரலாறு என்னை உறுத்தும். அது விபத்து இல்லை. கயிற்றை அவிழ்த்தவன் நான். தூண் இல்லை என்று தெரிந்தே அவரை அங்கே நிற்க வைத்தவன் நான். அப்பாவுக்குப் பாட்டிலையும் மகனுக்கு வாடையையும் கொடுத்தவன் நான். அந்த நூலகர் அம்மாள் இவ்வளவு தேடியவர், இதையும் தேடியிருக்க வேண்டும்.

பஞ்சர்க்காரரின் மகளுக்குச் சொல்லி அனுப்பியதாகவும், அவள் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகவும் சற்று முன் உங்கள் காவலர் வந்து சொன்னார். பாவம், அங்கே ஏன் உட்கார வேண்டும்? உள்ளே கூப்பிடுங்கள், முடிந்தால் வாசலில் நிற்கிறவர்களையும். முதலிலிருந்து சொல்கிறேன். இப்போது கொஞ்சம் தட்டுத்தடுமாறிவிட்டது. கேட்க நாலு பேர் இருந்தால் எனக்குக் கோர்வையாக வரும்.